கெட்டர்லிங்கின் ஓராண்டு மசோதா

தன் விஷயத்தில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்று சொல்லும் ஒருவர், அடுத்தவர் விஷயத்தில் தலையிடச் சொல்லி அதே அரசாங்கத்தை அழைத்தால், அவரிடம் இருப்பது கொள்கையா, சுபாவமா? ரெய்னோல்ட் கெட்டர்லிங்கைப் பிடிக்காதவர்கள் இதைக் குற்றச்சாட்டாகக் கேட்டார்கள். அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் கேட்கவே இல்லை. இரண்டு தரப்பும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டதாகத் தோன்றுகிறது.

டகோட்டா சமவெளியில் எங்கள் நொய்டால் ஊரைச் சுற்றியுள்ள பண்ணைக்காரர்கள் பெரும்பாலும் ரஷ்யப் புல்வெளியிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மானியரின் வழிவந்தவர்கள். கோதுமை, மாடு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். கெட்டர்லிங்குக்கும் இவை மூன்றும்தான் இருந்தன. ஆள் உயரம், பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் அவர் தோளுக்கு மேலே எதையோ பார்ப்பார். வங்கிகள் பண்ணைகளை ஏலத்தில் விட்டுக்கொண்டிருந்த வருடங்களில், காரில் எல்லோரும் சீட் பெல்ட் கட்டித்தான் ஆக வேண்டும் என்று மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவரப் பார்த்தது. அதைப் பற்றிப் பள்ளிக்கூட அரங்கில் நடந்த கூட்டத்தில் அவர் எழுந்து பேசினார். அதுவரை அவர் பொது இடத்தில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"பெல்ட் கட்டுறது நல்லதுதான். நான் கட்டுறேன், என் பொண்டாட்டி அடலினும் கட்டுறா. கட்டுன்னு சொல்றதுக்கு நீ யாரு? அதான் கேள்வி" என்றார்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நிலத்தைக் காப்பாற்ற வராத அரசாங்கம் உயிரைக் காப்பாற்ற வருகிறதாம் என்ற எரிச்சலில் இருந்த கூட்டம் அது. அடுத்த தேர்தலில் அவர் மாநிலப் பேரவைக்குப் போனார். பிறகு இருபது வருடங்களுக்கும் மேலாகப் போய்க்கொண்டே இருந்தார்.

எங்கள் பேரவை ஒன்றுவிட்டு ஒரு வருடம், குளிர்காலத்தில் மட்டும் கூடும். விதைப்புக்கு முன் எல்லோரும் வீடு திரும்பிவிட வேண்டும். அந்த மாதங்களில் கெட்டர்லிங் தலைநகரில் ஒரு மலிவான விடுதியில், ஒற்றை மின் அடுப்போடு தங்குவார். மாவுத் துண்டும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்பை அவர் மனைவி அடலின் டப்பா டப்பாவாக உறைய வைத்துக் கொடுத்தனுப்புவாள். நிறுவனங்களின் ஆட்கள் அழைக்கும் விருந்துகளுக்கு அவர் போனதில்லை. அது நேர்மைதான். ஆனால் போனதில்லை என்பதை அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார்; அதனால் அந்த நேர்மையின் ருசி கொஞ்சம் குறைந்துபோயிருந்தது.

அவர் பெயரை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது மழலையர் வகுப்பு விவகாரம். எல்லாப் பள்ளிகளிலும் மழலையர் வகுப்பு நடத்த நிதி ஒதுக்கும் மசோதா வந்தபோது, ஐந்து வயதுக் குழந்தையை அரசாங்கம் ஏன் வளர்க்க வேண்டும், அதன் அம்மா எங்கே போனாள் என்று பேரவையில் கேட்டார். அம்மா ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போயிருந்தாள். அது அவருக்கும் தெரியும். ஆசிரியர் சங்கம் கண்டனம் தெரிவித்தது. பள்ளிக்கூடம் ஒன்று அவரைப் பட்டமளிப்பு விழாவுக்கு அழைத்திருந்த அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கிழக்கே இருக்கும் நகரங்களின் செய்தித்தாள்களில் அவர் பெயருக்கு முன் 'சர்ச்சைக்குரிய' என்ற சொல் சேர்ந்து, பிறகு நீங்கவே இல்லை. அவர் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. விளக்கவும் இல்லை. சொந்தக் கட்சியின் பட்ஜெட்டுக்கே எதிராக வாக்களித்து, கையிலிருந்த குழுத் தலைவர் பதவியையும் இழந்தார். கட்சிக்காரர்கள் அவரை மதித்ததைவிட, அவர் என்ன செய்வாரோ என்று பயந்ததுதான் அதிகம்.

இதெல்லாம் அரசாங்கத்தை விலகி நிற்கச் சொன்ன கெட்டர்லிங். ஓராண்டு மசோதாவைக் கொண்டுவந்தவர் வேறு ஆள் மாதிரி இருந்தார்.

அவருக்கு ஒரே மகள், கொரின். டிராக்டர் விற்கும் கடைக்காரரின் மகன் டெரிலைக் கட்டிக்கொண்டாள். டெரில் ஊருக்குப் பிடித்தமான பையன். கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசிப்பான். யார் வண்டி பனியில் சிக்கினாலும் முதலில் வந்து நிற்பான். ஓர் இலையுதிர் காலத்தில் கொரின் இரண்டு குழந்தைகளோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். குளிர் முடியும்வரை இருந்தாள். விவாகரத்துக்கு மனுப் போட்டாள், கிடைத்ததும் போய்விட்டாள். அந்த வீட்டில் சண்டை நடந்ததாக யாரும் சொல்லவில்லை. கெட்டர்லிங் ஏன் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்காத கேள்வி நடுவில் உட்கார்ந்துகொண்டதும் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது.

அடுத்து பேரவை கூடியபோது அந்த மசோதா வந்தது. குழந்தைகள் உள்ள தம்பதியர் விவாகரத்துக்கு மனுப் போட்டால், தீர்ப்புக்கு முன் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை பாதிரியாரிடமோ ஆலோசகரிடமோ போய் உட்கார்ந்து பேச வேண்டும். அவ்வளவுதான் சட்டம். எதற்காக என்று ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நொய்டால் காபிக் கடையில் காலை நேரத்து மேசைக்காரர்கள் அவரைச் சும்மா விடவில்லை. சக உறுப்பினரும் பக்கத்து மாவட்டத்து மாட்டுப் பண்ணைக்காரருமான எல்ரோய் ஸ்டாய்னர்தான் முதலில் வம்புக்கு இழுத்தார்.

"ஏம்ப்பா ரெய்னோல்ட், பெல்ட் கட்டச் சொன்னா நீ யாருன்னு கேட்ட. இப்ப பொண்டாட்டிய ஒரு வருஷம் கட்டி வைக்கச் சொல்றியே, நீ யாரு?"

"பெல்ட்டக் கழட்டினா சாவுறது நான் ஒருத்தன்" என்றார் கெட்டர்லிங். "இது அப்படியில்ல. பின் சீட்டுல புள்ளைங்க இருக்கு."

பிறகு எல்ரோய், "சரி, பின் சீட்டுலயே டெரில் குடிச்சிட்டுத் தூங்கினா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கெட்டர்லிங் காபிக்குக் காசு வைத்துவிட்டு எழுந்து போனார். ஆனாலும் எல்ரோய் அந்த மசோதாவுக்கு ஒவ்வொரு முறையும் ஆதரவாகவே வாக்களித்தார். கிண்டல் செய்யும் உரிமை அதனால் கிடைக்கிறது என்பது அவர் கணக்கு.

மசோதா தோற்றது. அடுத்த கூட்டத்தொடரிலும் கொண்டுவந்தார்; தோற்றது. தோல்வியின் அளவு மட்டும் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டு வந்தது. எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் மார்கிட் ஹெல்லிசன், ஃபார்கோ நகரத்து வழக்கறிஞர். விவாகரத்து வழக்குகள் அவர் தொழில். ஆகவே மசோதாவை எதிர்ப்பது பிழைப்புக்காகத்தான் என்று கெட்டர்லிங் ஒருமுறை அவையில் சொன்னார். அது அவர் சொன்னவற்றிலேயே மட்டமான பேச்சு. மார்கிட் பதிலுக்கு, உறுப்பினர் மாடு வளர்க்கிறார் என்பதற்காக மாட்டு மசோதாக்களில் அவர் வாயை நாங்கள் அடைப்பதில்லை என்றார். இருவரும் சேர்ந்தாற்போல் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒருவர் பேசும்போது மற்றவர் அவையை விட்டு வெளியே போனதும் இல்லை.

எங்கள் மாநிலத்தில் எந்த மசோதாவையும் மேசை இழுப்பறையில் போட்டுச் சாகடிக்க முடியாது. எல்லா மசோதாவுக்கும் குழுவின் முன் பொது விசாரணை உண்டு. யார் வேண்டுமானாலும் வரலாம், பேர் சொல்லிவிட்டுப் பேசலாம். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. சாட்சி எந்த உறுப்பினரையும் நேராகப் பார்த்துப் பேசக் கூடாது. உறுப்பினரும் சாட்சியிடம் நேராகப் பேசக் கூடாது. எல்லாமே தலைவர் வழியாகத்தான். விசாரணை சண்டையாக மாறாமல் இருக்க என்றோ யாரோ ஏற்படுத்திய வழக்கம்.

கெட்டர்லிங்குக்கு எழுபது தாண்டிய வருடம். அந்த முறை மசோதா நிறைவேறிவிடும் என்றே எல்லோரும் சொன்னார்கள். விசாரணை நாளன்று பாதிரியார்கள் பேசினார்கள், ஆலோசகர்கள் பேசினார்கள், மார்கிட் பேசினார். கடைசியாக ஒரு பெண் எழுந்து ஒலிபெருக்கி முன் வந்து நின்றாள். குழுவில் ஓர் உறுப்பினராக மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கெட்டர்லிங், கையிலிருந்த பேனாவை மூடினார்.

"தலைவர் அவர்களே, உறுப்பினர்களே. என் பேரு கொரின் கெட்டர்லிங்."

தலைவர் ஒரு நார்வேக்காரர், சர்க்கரைக் கிழங்கு பயிரிடுபவர். அவர் ஒரு கணம் மேசையின் ஓரத்தைப் பார்த்துவிட்டு, ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லைங்க. நடுநிலைன்னு வச்சுக்கோங்க. இந்த மசோதா கேக்குற ஒரு வருஷத்த நான் ஏற்கெனவே இருந்து பாத்துட்டேன், அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். முதல் அடி விழுந்த நாளுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேலயே இருந்தேன். சட்டம் ஒண்ணும் என்னைப் பிடிச்சு வைக்கல. எங்க அப்பா என்ன நெனப்பாரோன்னு இருந்தேன். சில பேருக்கு அந்த ஒரு வருஷம் நல்லதாக்கூட இருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்கு என்ன ஆச்சுன்னு மட்டுந்தான் சொல்ல முடியும்."

முதல் அடி என்ற சொல்லை நொய்டாலில் யாரும் அதுவரை உரக்கச் சொன்னதில்லை. அவள் அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. கேள்வி ஏதும் உண்டா என்று தலைவர் வழக்கப்படி கேட்டார். கேட்டதற்கு அவரே வருத்தப்பட்டிருக்கலாம். மேசையின் ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது.

"தலைவர் அவர்களே, சாட்சிகிட்ட ஒரு கேள்வி."

"கேளுங்க, உறுப்பினர் கெட்டர்லிங்."

"இப்ப எந்த ஊர்ல இருக்காங்க?"

அறையில் இருந்தவர்கள் இது என்ன வாதத்துக்கான ஆரம்பம் என்று காத்திருந்தார்கள். அது ஆரம்பம் இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது.

"தலைவர் அவர்களே" என்றாள் கொரின், "ஃபார்கோவுல இருக்கேன். விலாசம் அம்மாகிட்ட இருக்கு."

"நன்றி, தலைவர் அவர்களே" என்றார் கெட்டர்லிங்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வழக்கம்போல் காரோட்டி வீட்டுக்குப் போனார். அடலின் பிறகு தன் தங்கையிடம் சொன்னது இவ்வளவுதான்: அவர் விலாசத்தைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், இத்தனை வருடமாக நீயே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை, இரண்டாம் முறை சூப் போட்டுக்கொண்டார்.

அவர் மசோதாவைக் கைவிடுவார் என்று மார்கிட்டின் தரப்பு எதிர்பார்த்தது. அவர் கைவிடவில்லை. குழு சொற்ப வித்தியாசத்தில் பரிந்துரை செய்தது. கட்சியில் புதிதாக வந்திருந்த வழக்கறிஞன் டிரென்ட், அடிபட்டவர்களுக்கு விலக்கு தரலாம் என்று மார்கிட் கொண்டுவந்த திருத்தத்தைத் தோற்கடிக்க ஆள் சேர்த்தான். விலக்கு தந்தால் எல்லோரும் அடித்தான் என்றே மனுப் போடுவார்கள் என்பது அவன் வாதம். திருத்தம் தோற்றது. அந்த வாக்கெடுப்பில் கெட்டர்லிங் விலக்குத் தரும் பக்கம் வாக்களித்தார். டிரென்ட் அதைக் கவனித்து முகம் சுளித்தான். ஆனால் முழு மசோதா வந்தபோது கெட்டர்லிங்தான் எழுந்து அதற்காகப் பேசினார். எப்போதும் பேசுவதில் பாதிகூட இல்லை. சுலபமாகப் பிரிய முடிகிற ஊரில் சேர்ந்திருக்கிறவர்களுக்கு மரியாதை இருக்காது என்றார், உட்கார்ந்துவிட்டார்.

வாக்குப் பலகையில் ஆதரவுக்குப் பச்சையும் எதிர்ப்புக்குச் சிவப்பும் எரிந்தன. ஒரே ஒரு வாக்கு குறைந்தது. குறைந்தது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். எல்ரோய் ஸ்டாய்னரின் இருக்கை காலி. கன்று ஈனும் பருவம். தலையீற்றுக் கிடாரி ஒன்றின் வயிற்றில் கன்று குறுக்கே கிடக்கிறது என்று விடியும்போதே அவர் பண்ணைக்கு ஓடிவிட்டார். எங்கள் பேரவையில் அதற்காக யாரும் யாரையும் குறை சொல்வதில்லை.

தோற்ற மசோதாவை மறுபடி எடுக்கச் சொல்ல ஒரு வழி உண்டு. ஆனால் அப்படிக் கேட்கும் உரிமை, ஜெயித்த பக்கம் வாக்களித்தவருக்கு மட்டும்தான். அதுவும் அடுத்த நாள் அமர்வுக்குள் கேட்டாக வேண்டும். ஆகவே விவரம் தெரிந்த உறுப்பினர், தன் மசோதா சாயப்போகிறது என்று பலகையில் கண்டதும், சபாநாயகர் வாக்கெடுப்பை மூடுவதற்குள் தன் வாக்கைத் தானே மாற்றித் தன் மசோதாவையே எதிர்த்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு அது துரோகம் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அது நாளைக்கு வருகிறேன் என்று சொல்வது. கெட்டர்லிங் முதல் கூட்டத்தொடரில் இது தெரியாமல், மாட்டுச் சூட்டுக்குறி பற்றிய சின்ன மசோதா ஒன்றைப் பச்சையிலேயே நின்று பறிகொடுத்து, மூத்தவர்களின் சிரிப்புக்கு ஆளானார். பிறகு அந்தத் தவறை அவர் செய்ததே இல்லை.

அன்றும் செய்யவில்லை. எல்லோரும் வாக்களித்தாயிற்றா என்று சபாநாயகர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கெட்டர்லிங்கின் பெயருக்கு எதிரே இருந்த பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. டிரென்ட் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தான்.

அமர்வு முடிந்ததும் மேலங்கிகள் மாட்டியிருக்கும் இடத்தில் மார்கிட் அவரிடம் வந்தார்.

"நாளைக்கு எல்ரோய் வந்துருவார், இல்ல?"

"கன்னு மனசு வச்சா வருவார்."

"நீங்க எழுந்துட்டா எங்க பக்கம் ஒண்ணும் மிச்சமில்ல. எனக்கு எண்ணத் தெரியும்." மார்கிட் கையுறையைப் போட்டுக்கொண்டே சற்று நின்றார். "உங்க மகள நான் கூட்டிட்டு வரல. அவங்களாத்தான் வந்தாங்க. அத நீங்க தெரிஞ்சுக்கணும்."

"தெரியும்" என்றார் கெட்டர்லிங். "யாரும் கூப்பிட்டு அவ வரமாட்டா."

மறுநாள் எல்ரோய் வந்துவிட்டார். தாயும் கன்றும் நலம். அவருக்குத்தான் தோள் சுளுக்கியிருந்தது. காலையிலேயே டிரென்ட் ஆட்களை எண்ணி முடித்திருந்தான். பார்வையாளர் மாடத்தில் பாதிரியார்கள் மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கெட்டர்லிங் இஸ்திரி போட்ட சட்டையில் தன் இடத்தில் இருந்தார். ஒலிபெருக்கியை எடுத்துத் தனக்கு முன்னால் சரியாக வைத்தும் கொண்டார்.

மறுபரிசீலனைத் தீர்மானங்கள் ஏதும் உண்டா என்று சபாநாயகர் கேட்டார். கேட்டுவிட்டு நேராகக் கெட்டர்லிங்கைப் பார்த்தார். அவை முழுவதும் பார்த்தது. இரண்டு வாக்கியம் போதும். அவர் பலமுறை சொல்லியிருக்கிற வாக்கியங்கள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

"எழுந்திருய்யா" என்றார் பக்கத்தில் இருந்த எல்ரோய், குரலைத் தாழ்த்தி. "உனக்காகத்தான்யா மாட்டு வயித்துல இருந்து கையக் கழுவிட்டு ஓடி வந்தேன்."

கெட்டர்லிங் அவர் பக்கம் திரும்பி, கன்று கிடாரியா காளையா என்று கேட்டார்.

சபாநாயகர் வழக்கத்துக்கு மாறாக இன்னொரு முறையும் கேட்டார். டிரென்ட் பாதி எழுந்தான். ஆனால் அவன் வாக்கு பச்சையில் பதிவாகியிருந்தது, அவனுக்கு அந்த உரிமை இல்லை. நேற்று மாற்றிப் போட்டவர் கெட்டர்லிங் ஒருவர்தான். மற்றச் சிவப்பு எல்லாம் மசோதா சாக வேண்டும் என்று நினைத்தவர்களுடையது. சபாநாயகர் அடுத்த அலுவலுக்குப் போனார்.

பிறகு எல்லோரும் காரணம் கண்டுபிடித்தார்கள். மகளுக்காக என்றது பாதி ஊர். ஆனால் மகளின் சாட்சிக்குப் பிறகுதான் அவர் அவையில் எழுந்து மசோதாவுக்காகப் பேசினார், மறுபடி கொண்டுவரத் தேவையானதையும் செய்து வைத்தார். விலக்குத் திருத்தம் தோற்ற கோபம் என்றார்கள். அந்தக் கோபம் அதற்கு முந்தைய நாள் எங்கே போயிருந்தது? வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்றான் டிரென்ட். மார்கிட்டோடு ரகசிய ஒப்பந்தம் என்று ஒரு செய்தித்தாள் எழுதியது. அதை இருவரில் யாரையும் தெரிந்தவர்கள் நம்பவில்லை. மனம் மாறிவிட்டார் என்பதுதான் எல்லாவற்றிலும் சுலபமான விளக்கம். அடுத்த கூட்டத்தொடரில் டிரென்ட் அதே மசோதாவைத் தன் பெயரில், ஒரு சொல்லும் மாற்றாமல் கொண்டுவந்தபோது அதுவும் நிற்கவில்லை. கெட்டர்லிங் பச்சையில் வாக்களித்தார். மசோதா பெரிய வித்தியாசத்தில் தோற்றது.

அதுதான் அவருடைய கடைசிக் கூட்டத்தொடர். அது முடியும் நாளில் மார்கிட் அவரைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

"அன்னிக்கு ஏன் எழுந்திருக்கல?"

கெட்டர்லிங் அவர் தோளுக்கு மேலே, ஜன்னல் பக்கம் பார்த்தார். ரோடு ஈரமா இருக்கு, இருட்டுறதுக்குள்ள கிளம்பணும் என்றார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.